தலையில் தட்டினால் கால் நகரும்

சிங்கப்பூரில் ஓர் இடத்தில் சும்மா நின்றால் போதும், பின்னால் வரிசை சேர்ந்துவிடும். போன வருடம் புக்கிட் பாத்தோக் ரயில் நிலையத்தில், லிஃப்டை நெருங்கும்போது என் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்து வாசலைக் கண்டாலே அவற்றுக்கு அப்படியொரு பிடிவாதம். லிஃப்ட் வந்தது, திறந்தது, என்னை ஏற்றாமலே போனது. திரும்பிப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் பொறுமையாக நிற்கிறார்கள். இவர் நிற்பதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்ற மரியாதை. மதுரைப் பேருந்து நிலையமாக இருந்தால் "யோவ், நகருய்யா" என்று யாராவது முதுகில் கை வைத்திருப்பார்கள். நானும் நகர்ந்திருப்பேன், அல்லது விழுந்திருப்பேன்.

கப்பல் பட்டறையில் குழாய்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. கால் நின்றுபோகிற ஆளுக்கு அங்கே இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். திருமங்கலத்தில் இருக்கும் பார்வதி அக்கா, "வந்துரு தம்பி, இங்க பாத்துக்க நாலு பேரு இருக்கோம்" என்று வாராவாரம் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். லிட்டில் இந்தியாவில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் மனைவி வசந்தாவோ, "அந்த நாலு பேரும் சேந்து உங்கள எந்திரிக்கவே விடமாட்டாங்க" என்றாள். இரண்டுமே சரியாகத்தான் பட்டன.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவர் காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து, உடலை அசைக்கும் மூளைப் பகுதியைத் தட்டி எழுப்புவார்களாம். நோய் போகாது, எல்லோருக்கும் பலன் தராது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அக்காவிடம் சொன்னேன். சினிமாவில் பைத்தியக்காரர்களுக்கு ஷாக் வைப்பதை மட்டுமே பார்த்தவர். "தலையில கரண்டு வைக்கிறதுக்கு வசந்தாவும் சரின்னுட்டாளா?" என்றார்.

"கரண்டு இல்லக்கா, காந்தம்."

"காந்தம் மட்டும் நல்லதா?"

ஆனாலும் போனேன். முதல் நாள், சிகிச்சை கொடுக்கும் மெய்லிங் என்ற சீனப் பெண் என் காதுகளில் பஞ்சு மாதிரி எதையோ அடைத்தாள். எட்டு வடிவத்தில் இருந்த சுருளைத் தலையில் வைத்து, அசையாமல் உட்காரச் சொன்னாள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல டக்கென்று ஒரு சத்தம். என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. "சாரி" என்றேன். இன்னொரு டக். இன்னொரு துள்ளல். மறுபடி "சாரி."

"எதுக்கு அங்கிள் சாரி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அசையக் கூடாதுன்னு சொன்னீங்களே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க அசைக்கல அங்கிள். நான்தான் அசைக்கிறேன் லா" என்றாள், சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சின் முடிவில் சேர்க்கும் அந்த 'லா'வோடு.

காப்பி சிந்தியதற்கு, சில்லறை தவறியதற்கு, பேருந்தில் அடுத்தவர் தோளில் கை இடித்ததற்கு என்று நோய் வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தவன் நான். என் கை ஆடியதற்கு வேறொருவர் பொறுப்பேற்றது அன்றுதான். நானும் சிரித்துவிட்டேன்.

சில வாரங்கள் போய்வந்தேன். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் தேக்கா சந்தைக்குள், முருங்கைக்கீரையா பொன்னாங்கண்ணியா என்று பேசிக்கொண்டே போனேன். பதில் வரவில்லை. திரும்பினால் வசந்தா வெளியிலேயே நிற்கிறாள்.

"என்னாச்சு?"

"வாசலத் தாண்டிட்டீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அன்று இரண்டு கீரையும் வாங்கினோம்.

இப்போதும் சில நாள்களில் கால் நின்றுபோகிறது. பலன் குறையக் குறைய மறுபடி போகவேண்டி வரலாம் என்கிறார்கள். ஆனாலும் வேலையை விடவில்லை. அக்காவிடம், இப்போதைக்கு வரவில்லை என்று சொன்னேன். "அப்ப நடந்து காட்டு" என்றார்.

வசந்தா போனில் வீடியோவைப் போட்டுப் பிடித்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நடைபாதைக் கோடியில் போய் நின்றாள். நான் புறப்பட்டேன். நடுவில் ஒருமுறை தயங்கி, மறுபடி நடந்தேன். கிட்டே வந்தபோது, திரைக்குள் அக்கா இரண்டு கைகளையும் நீட்டி "வா வா" என்று கூப்பிடுவது தெரிந்தது. வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அக்காவின் கைகள் நீட்டியபடியே இருந்தன.