பிரான்சில் ஒரு சாவு

இன்று பஸ் மேட்டூரைக் கடந்தபோது இது நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசி. அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. ஓர் இசைக்கலைஞனின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து சொல்லும் பெரிய பிரெஞ்சு நாவலை நூலகத்தில் எடுத்து மாதக்கணக்கில் படித்தேன். அவனுக்கும் என்னைப் போலவே யாருமில்லை.

முடித்த அன்று, அதை எழுதியவருக்குக் கடிதம் போட ஆசை வந்தது. முகவரி தேடி முன்னுரையைப் புரட்டினால், நான் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார் என்று இருந்தது.

மெஸ்ஸில் இலை முன்னால் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. மெஸ் நடத்திய அம்மா பதறிப்போனார்.

“ஏனுங்க சாமி, ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுங்களா?”

“ஒருத்தர் இறந்துட்டாருங்க. பிரான்சுல. கதை எழுதறவரு. அவர் போயி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க.”

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து மோர் ஊற்றினார்.

“உங்களுக்கு இன்னைக்குத்தானுங்களே தெரிஞ்சுது. சாப்பிடுங்க சாமி.”

மேட்டூர் வந்தபின் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பார்த்தே இராத எழுத்தாளருக்காக அழுதவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா? இல்லை, இதிலும் நான் தனி ஆள்தானா?