பாக்ஸர் வாங்கப் போன மதியம்

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு பாக்ஸர் நாய்தான் வேண்டும் என்று அலைந்தவன் நான். “நம்ம ஊரு பேர்லயே நாய் இருக்கு, அது எதுக்குங்க?” என்று மனைவி கேட்டதைக் காதில் வாங்கவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சர், மகனோடு வெளிநாடு போவதால் தன் பாக்ஸரை விட்டுச்செல்ல நல்ல இடம் தேடினார். சித்திரை மாத மதியம் நானும் மனைவியும் போனோம். டீச்சர் காபி போட உள்ளே போனதும், நாய் என் மேல் தாவி விளையாடியது. ஆசை தாங்காமல் முற்றத்தில் அதோடு ஓடினேன். அதுவும் சளைக்காமல் ஓடிவந்தது.

திடீரென்று கால் மடங்கி விழுந்தது. மூச்சு கரகரவென்று இழுத்தது. வெளியே தொங்கிய நாக்கு நீலமாகிக்கொண்டிருந்தது.

“ஐயோ, வெயில்லயா ஓட விட்டிய? அதுக்குச் சப்ப மூக்கு, சூடு தாங்காதே!” என்று டீச்சர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நாயென்றாலே ஒதுங்கும் என் மனைவி அதன் தலையை மடியில் வைத்து, நனைத்த முந்தானையால் வயிற்றைத் துடைத்தாள். “ஏலே, மூச்சு விடுலே” என்று அழுதாள். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் தூக்கிப் போனோம். சாயங்காலம்தான் எழுந்து நின்றது.

“இப்பவும் கூட்டிட்டுப் போறியளா?” என்று டீச்சர் கேட்டார்.

எங்களுடையது தகரக் கூரை வீடு. பகலில் இருவருமே மில்லுக்குப் போய்விடுவோம்.

“வேண்டாம் டீச்சர். எங்க வீட்டுல இது பொழைக்காது.”

கிளம்பும்போது அது தள்ளாடி வந்து என் கையை நக்கியது. ஆசை இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த ஆசைதான் அதைக் கொல்லப் பார்த்தது.