வருஷத்துக்கு ஒரே அழைப்பு

என் மனைவி வேதா நல்ல புடவை எதையும் கட்ட மாட்டாள். "விசேஷத்துக்கு இருக்கட்டும்" என்று பீரோவில் அடுக்கிவிடுவாள். இரும்புலியூரில் எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை, ஆராய்ச்சியிலும் அதே புத்தியைக் காட்டினாள்.

குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். ஆராய்ச்சி, ஒரு ஜோடி நட்சத்திரத்தைப் பற்றி. ஜோடியில் ஒன்று எப்போதோ கருந்துளையாகிவிட்டது. பக்கத்தில் இருப்பதைத் தின்றுகொண்டே இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கிறதாம். அப்படிப் பீய்ச்சும்போது காமா கதிர் வருகிறதா என்பதுதான் இவளுடைய கேள்வி. பார்ப்பதற்கு வெளிநாட்டில் ஒரு மலைமேல் தொலைநோக்கி இருக்கிறது. எப்போது திருப்புவது என்று இவள் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் சொல்லலாம்.

ஜூலையில் அந்த ஜோடியிலிருந்து வரும் எக்ஸ்ரே அளவு மளமளவென்று ஏறியது. அப்படி ஏறினால் பீய்ச்சப் போகிறது என்று அர்த்தமாம், செயற்கைக்கோள் பார்த்து இவள் போனுக்குச் செய்தி வரும்.

"தொலைநோக்கியைத் திருப்பச் சொல்லி அனுப்பேன், எதுக்குக் காத்திருக்கே?" என்றேன்.

"இன்னும் ஏறும்ங்க. இதுக்கே செலவு பண்ணிட்டா அப்புறம் பெருசா வந்தா என்ன பண்றது?"

இரண்டே நாளில் பொசுக்கென்று அடங்கிவிட்டது.

அதற்கப்புறம் வீட்டில் நிம்மதி ஏது? அடுப்படியிலும் கையில் போன்தான், சாம்பார் அடிப்பிடிக்கும். 'டிங்' என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். பார்த்தால் பேங்க் மெசேஜ். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நவம்பரில் கோவிலம்பாக்கத்தில் என் அக்கா மகள் ஸ்நேகாவுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் நேரம் பார்த்து வேதாவின் போன் 'டிங்' என்றது. நட்சத்திரம் மறுபடி பொங்கியிருந்தது. ஆனால் ஜூலையில் வந்ததில் பாதிகூட இல்லை. வேதா என்னையே பார்த்தாள்.

"என் மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கு? அனுப்பித் தொலை!" என்று கத்திவிட்டேன். சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள், அக்கா முறைத்தாள். வேதா அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பதில் வந்தது. நல்ல தெளிவான வானமாம், மணிக்கணக்காகப் பார்த்தார்களாம். காமா கதிர் துளிகூட இல்லை.

"போகட்டும் விடு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன்.

"இது போனா போகுதுங்க. இல்லேன்னாவது தெரிஞ்சுதே, அதையே எழுதலாம். ஜூலையில வந்த வெளிச்சம் எத்தனையோ ஆயிரம் வருஷமா வந்துக்கிட்டிருந்தது. நம்ம வீட்டைத் தாண்டிப் போயிடுச்சு. அதுல காமா இருந்துச்சா இல்லையான்னு இனிமே யாராலயும் பார்க்க முடியாது."

அத்தனை மாதமாக அழாதவள், அதைச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.