வசந்தியின் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்ட கதை

டயர்க் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அளவு கேட்க வருவதில்லை, ஆசை சொல்ல வருகிறார்கள். கொட்டாஞ்சேனையில் அப்படியொரு கடையின் கவுண்டரில் நான் நிற்கத் தொடங்கி முப்பது வருசம். பின்பக்கம் வீல் அலைன்மென்ட் பார்ப்பவர் நிஸ்தார் நானா, எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறை. நான் கதை விடுவேன், அவர் சக்கரத்தை நேராக்குவார். கடை ஓடுவது இரண்டாலும்தான் என்பது என் கட்சி. அவர் ஒப்பமாட்டார். புது டயர் போட்டுவிட்டு வீட்டில் பேச்சு வாங்கிய அன்பர்களே, என்னைத் தெரிந்தவர்கள் பாதியைக் கழித்துவிட்டு வாசியுங்கள். நானாவைப் பற்றிய பாதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நாலு விரல் இடைவெளி

வசந்தி வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மூன்றாம் மாடி. ஆறு வருசம் ஸ்கூல் வேன் ஓட்டியவள். வேனைக் கொடுத்துவிட்டு, வில்பத்துக் காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போக ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தாள். சுற்றுலாக் கொம்பனி மேனேஜருக்குப் பொம்பிளை சாரதி என்றதும் யோசனை. "சனிக்கிழமை என்னை வச்சு ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ, பிறகு பார்ப்பம்" என்றிருந்தார். அந்த ஓட்டத்தில் பிழை வந்தால் சீசன் முழுக்க வேலை இல்லை.

ஜீப்பில் கிடந்தது இருபத்தொன்பது அங்குல டயர். அவள் காட்டுப்பாதைக்கான முப்பத்துமூன்று கேட்டாள். அந்த டயரைக் கண்டு ஒரு கொம்பன் யானை தும்பிக்கையைத் தூக்கிச் சலூட் அடித்ததை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் மட்காட்டுக்கும் நடுவே விரல்களை விட்டுப் பார்த்தார். நாலு விரல்தான் போனது.

"முப்பத்தொன்னு போடுங்க மகள். முப்பத்துமூணு போட்டா யானை சலூட் அடிக்கும், ஜீப் திரும்பாது."

அரிசியளவு வெள்ளை

முப்பத்தொன்று போட்டாயிற்று. நானா மட்காட்டின் உள்விளிம்பில் சோக்குக்கட்டி பூசி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முட்ட முட்டத் திருப்பச் சொன்னார். எங்கே உரசுகிறதோ அங்கே டயரில் வெள்ளை ஒட்டும். வலது சுத்தம். இடதில் ஓர் அரிசியளவு வெள்ளை. மூக்குக்கண்ணாடியோடு நான் தேடியும் அகப்படவில்லை, அவர் வெறுங்கண்ணால் கண்டார்.

"இவ்வளவுதானே நானா, ஓட ஓடத் தேய்ஞ்சு சரிவந்திடும்" என்றாள் வசந்தி. அவர் கேட்காதவர் மாதிரி அந்த விளிம்பை வெட்டி எடுத்து, திரும்பவும் சோக் பூசி, திரும்பவும் திருப்பச் சொன்னார்.

"டவுன்ல இது சும்மா சத்தம். காட்டுல பாரத்தோட பள்ளத்துல இறங்கினா, இது டயர வெட்டுற கத்தி."

பாரத்துக்கு ஓர் ஆள்

மற்ற இடங்களில் வெறும் வாகனத்தை ஏற்றி அலைன்மென்ட் பார்ப்பார்கள். நானாவுக்கு அது ஆகாது. ஓடப்போகிறவரே ஸீட்டில் இருக்கவேண்டும், கொண்டுபோகிற சாமானும் ஏறவேண்டும். வசந்தி ஏறினாள். தண்ணீர்க் கேன், ஸ்பானர் பெட்டி, மேலதிகச் சக்கரம் எல்லாம் ஏறின. மேனேஜருக்குப் பதிலாக இடது ஸீட்டில் என்னை ஏற்றினார்கள்.

மெஷின் திரையில் எல்லாம் பச்சை, அளவு சரி. நான் இறங்க ஒரு காலை வெளியே வைத்தேன். பச்சை என்றாலும் ஓரத்துப் பச்சை என்று நானா திரும்பவும் அடியில் புகுந்துவிட்டார். ஒரு மணித்தியாலம் சும்மா இருக்க முடியுமா? புயலுக்குள் மன்னார் வரைக்கும் ஒற்றைக் கையால் லொறி ஓட்டிய கதையை வசந்திக்கு ஆரம்பித்தேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"வாயயும் ஆட்டாதீங்க! நீங்க விடுற ஒவ்வொரு பொய்க்கும் முன்சக்கரம் ஆடுது."

ஃபிளாட்டின் பீம்

மெரீன் டிரைவில் ஓடிப் பார்த்தோம். வசந்தி ஒரு கணம் கையை விட்டாள், ஜீப் கயிறு கட்டி இழுத்த மாதிரி நேரே போனது. நான் பிறேக் பிடிக்கச் சொல்லாவிட்டால் கல்கிசையில் போய்த் தானாகத்தான் நின்றிருக்கும். ஆனால் ஃபிளாட்டின் கீழ்த்தளத்துக்குள் நுழையவே வழியில்லை. வாசலுக்கு மேலே போகிற பீமுக்கும் ஜீப்புக்கும் முன்பே மயிரிழைதான் இடைவெளி. இப்போது ஜீப் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது. பின்னால் நாலு கார் ஹோர்ன் அடித்தன. வாசலில் காவல் நிற்கும் வோச்சர் பியசேன சிங்களத்தில், நாலு டயரிலும் காற்றை இறக்கச் சொன்னான். இறக்கினோம், ஜீப் குனிந்து உள்ளே போனது.

சனி காலை அப்படியே குனிந்து வெளியே வந்தது. வசந்தி மேலே பையை எடுக்கப் போக, காற்றடிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். மூன்று டயர் முடிந்து, முன் இடதுக்குப் பாதி போகும்போது பியசேன அந்தக் கொம்பன் யானையைப் பற்றிக் கேட்டுவிட்டான். கேட்டவனுக்குச் சொல்லாமல் விடலாமா? கதை முடியவும் வசந்தி வரவும் சரியாக இருந்தது. நாலும் கல்லு மாதிரி இருக்கு என்றேன்.

"அங்கிள் சொன்னா நான் பார்க்கத் தேவையில்லை."

நீர்கொழும்பு தாண்டி

ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் கடைக்கு வசந்தியின் அழைப்பு. மேனேஜர் தேத்தண்ணி குடிக்க இறங்கியிருந்தார். "நானா, இடப்பக்கம் இழுக்குது. அவர் ரெண்டு தரம் என்ர கையைத் திரும்பிப் பார்த்திட்டார். இவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியேல்ல எண்டுதான் நினைச்சிருப்பார்."

நானா அலைன்மென்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "நாலு டயரையும் புறங்கையால தொட்டுப் பாருங்க மகள். எது கூடச் சுடுது?" அவள் ஜீப்பைச் சுற்றி வரும் செருப்புச் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "முன் இடது. நல்லாச் சுடுது." காற்றுக் குறைந்த டயர் நசிந்து நசிந்து சூடேறும், பக்கத்துப் பெற்றோல் ஷெட்டில் காற்றடித்தால் போதும் என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பியசேனவையும் யானையையும் பற்றி அப்போதே ஒப்புக்கொண்டேன். ஏசியிருக்கலாம், ஏசவில்லை. அதுதான் அவர்.

பின்னேரம் வசந்தி காட்டிலிருந்து போன் எடுத்தாள். காற்றடித்த பிறகு ஜீப் நூல் பிடித்த மாதிரி ஓடியதாம். அதற்கு முன்பே மேனேஜர் மனதில் முடிவெடுத்துவிட்டாராம். தேத்தண்ணிக் கடையிலிருந்து அவள் டயர் டயராகக் குனிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவளிடம் சொன்னது இது:

"எங்கட டிரைவர்மார் டயரைக் காலால உதைச்சுத்தான் பார்ப்பினம். கையை வச்சுப் பார்த்தது நீங்கள் ஓராள்தான். அடுத்த கிழமையே வாங்கோ."

எந்தச் சக்கரத்தையும் நிஸ்தார் நானா நேராக்கிவிடுவார், காற்றடிக்கிற ஆளை நேராக்கத்தான் இன்னும் ஒரு மெஷினும் இறக்குமதியாகவில்லை.