கொண்டு போ என்று சொன்னேன்

என் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அதிலுள்ள பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறு தாள். தாளின் இடப்பக்கம் சிவப்பில் ஓடும் ஆட்டங்கள், வலப்பக்கம் நீலத்தில் எறியும் ஆட்டங்கள். பதினெட்டுச் சிவப்பு, பதினெட்டு நீலம். எங்கள் பயிற்சியாளர் நகரப் பேருந்து ஓட்டுபவர். எல்லாம் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஒவ்வொரு போட்டிக்கும் புதுத் தாள் வெட்டி, தன் கையாலேயே அந்த உறைக்குள் செருகி விடுவார். "நீலத்தையும் கொஞ்சம் பார்" என்று டொச்சில், ஜேர்மன் மொழியில், சொல்வார். நான் பார்க்கவே மாட்டேன். இரண்டு பருவம் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான். வலப்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

நான் சொல்வது அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி. பெயரில்தான் உதை இருக்கிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டம் அது. நான்கு முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒருவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடலாம். அல்லது குவாட்டர்பேக் என்கிறவன் தூரத்தில் ஓடுகிறவனுக்குப் பந்தை எறியலாம். ஓடிக்கொண்டே இருந்தால் எதிரணி தன் ஆட்கள் எல்லோரையும் முன்னால் குவித்துவிடும். எறிந்துகொண்டே இருந்தால் பின்னால் போய் நின்று பிடுங்கிவிடும். இரண்டையும் கலந்து ஆடத் தெரிந்த அணிதான் மேலே போகும். ஜேர்மனியின் ரூர் பக்கத்துச் சிறு நகரமொன்றில் இருந்த எங்கள் அணிக்கு அந்தக் கலவை கடைசிப் போட்டி வரை சரிவரவில்லை. அதற்குக் காரணம் நான். குவாட்டர்பேக் நான்தான்.

ஓடுகிறவன் என் மச்சான், அம்மாவின் அண்ணன் மகன், என்னை விட ஒரு வயது இளையவன். உயரம் இல்லை, ஆனால் தொடை இரண்டும் மரக்குற்றிகள். அப்போது அவன் கூரை போடும் வேலையில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தான், கடைசி வருடம். அந்த வேலை அவனுக்கு உயிர். காரில் போகும்போது கழுத்தைத் திருப்பித் திருப்பி, "அது என்ர கூரை, அந்த மூலைத் தகரம் நான் வெட்டினது" என்று காட்டிக்கொண்டே வருவான். மேலே நின்றால் மூன்று தேவாலயங்களும் மூடிப்போன சுரங்கத்தின் கோபுரமும் தெரியும் என்பான். நான் கணினி படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கால் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவனுக்கு அப்படியில்லை. இது எனக்கு அப்போதும் நன்றாகவே தெரியும்.

பருவத்தின் முதல் போட்டியில் நான் எறிந்த இரண்டு பந்துகளை எதிரணி பிடித்துக்கொண்டது. அதோடு எனக்குப் பயம் பிடித்தது. பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் சொல்லி அனுப்புவார். கோட்டுக்குப் போய் நின்று, எதிரே முன்னால் நிற்பவர்களை எண்ணி, எட்டுப் பேர் என்றால் எறிய வேண்டும், ஆறு பேர் என்றால் ஓட விட வேண்டும். முடிவு என்னுடையது. எட்டுப் பேர் நின்றாலும் நான் மச்சானின் கையில் பந்தைத் திணித்தேன். ஒன்பது பேர் நின்றாலும் திணித்தேன். அவன் போய்ச் சுவரில் மோதுவதுபோல் மோதி, மூன்று யார் எடுத்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி வருவான். ஒருமுறை கூட வாய் திறந்து முறையிட்டதில்லை. எறிந்ததை எதிரணி பிடித்தால் என்னைத் திட்டுவார்கள், மோதினால் அவனுக்கு நோகும். நான் எனக்கு வசதியானதைத் தெரிவு செய்தேன்.

மாமி ஒரே ஒரு போட்டிக்கு வந்தார். மழைத் தூறலில் குடை பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றார். மகனின் மேல் ஐந்து பேர் விழுந்து கிடப்பதை நாலைந்து தரம் பார்த்துவிட்டு, இடைவேளையில் நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நீதானே பந்து குடுக்கிறனீ? அவனுக்குக் கொஞ்சமாக் குடு. அங்கால சும்மா நிக்கிறவைக்கும் எறியன். இவன் கூரையில ஏறுற பிள்ளை." பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். ஒரு பருவம் முழுக்கத் தான் கத்தியதை இந்த அம்மா ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார் என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். "ஓம் மாமி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று வாக்கும் கொடுத்தேன்.

தமிழில் கத்துகிற யோசனை என்னுடையதுதான். கோட்டில் நின்றபடி ஆட்டத்தை மாற்றிச் சொல்லும்போது டொச்சில் சொன்னால் எதிரணிக்கு விளங்கிவிடுகிறது. எண்களை வைத்துப் பார்த்தோம், இரண்டு போட்டிகளில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓடுவதற்கு "கொண்டு போ", எறிவதற்கு "எறியிறன்" என்று வைத்துக்கொள்வோம் என்றேன். மறைசொல் எதுவும் தேவையில்லை, இந்தக் காட்டில் எவனுக்குத் தமிழ் தெரியப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் முன்வரிசையில் நின்ற ஐந்து தடியன்களும் அந்த இரண்டையும் பாடமாக்கினார்கள். அதில் ஒருவன் பியர் வாங்கப் போகும்போதும் "கொண்டுப்போ, கொண்டுப்போ" என்று பாடிக்கொண்டு போவான். ஓரத்தில் தூர நிற்பவர்களுக்குக் குரல் எட்டாது. அவர்களுக்கு மட்டும் கைச்சைகை. எங்களுக்கு அது பெரிய கெட்டித்தனமாக இருந்தது. ஐந்து போட்டிகள் வென்றோம். நாலு தமிழ்க் குடும்பம் இல்லாத நகரம் இந்த மாநிலத்தில் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர்களுடைய பிள்ளைகள் இந்த ஆட்டத்துக்கு வருவார்கள் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. நாங்கள் மட்டும்தான் அப்படிப்பட்ட விசித்திரப் பிறவிகள் என்று ஒரு மிதப்பு.

கடைசிப் போட்டி. வென்றால் அடுத்த பிரிவுக்கு ஏறலாம். எதிரணியின் நடுவில் நின்றவன் மச்சான் போகும் இடமெல்லாம் முன்கூட்டியே போய் நின்றான். கவசத்துக்குள் முகம் தெரியவில்லை, கையிலும் முழு உறை. மூன்றாவது கால்பகுதியில் மச்சானை அப்படியே தூக்கி விழுத்திவிட்டு, குனிந்து கையை நீட்டி, "அண்ணை, நோகுதோ? கையைத் தாங்கோ, எழும்புங்கோ" என்று சொல்லியிருக்கிறான். மச்சான் என்னிடம் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. "டேய், அவன் தமிழ்ப் பெடியன். எல்லாம் விளங்குது அவனுக்கு. இனித் தமிழில கத்தாதை." நான் சரி என்று தலையாட்டினேன்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். ஐந்து புள்ளிகள் பின்னால் நின்றோம். கோட்டுக்குப் போய் எண்ணினேன், எட்டுப் பேர். எறிய வேண்டிய இடம்தான். ஆனால் எறிய எனக்கு இடைவெளி வேண்டும், நடுவில் நின்ற அந்தப் பெடியன் முன்னால் வர வேண்டும். அவனை வரவழைக்க ஒரு வழி இருந்தது, பந்து மச்சானிடம் என்று நம்ப வைப்பது. பந்து இல்லாமல் பந்து இருக்கிறதுபோல் நடித்து ஓட மச்சானுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. நடிப்பு என்று தெரிந்தால் அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்; பயிற்சியாளர் அதற்காக எத்தனையோ தரம் அவனைத் திட்டியிருக்கிறார். ஆகவே அவனுக்குத் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தேன். இதையெல்லாம் யோசிக்க நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. நேரம் இல்லாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

இருபது யார் தள்ளி நின்ற ஜேர்மன்காரனுக்குக் கைச்சைகை காட்டினேன், எறியப்போகிறேன் என்று. எனக்கு இரண்டு எட்டுப் பின்னால் நின்ற மச்சானுக்கு, "கொண்டு போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மறந்துபோய்த் தமிழில் கத்துகிறான் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். சொன்னதை நம்பி வந்தான். பந்தை அவன் வயிற்றில் வைத்தேன், அவன் கைகள் மூடின, மூட முன்னமே உருவி எடுத்தேன். ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அடி விழுந்தாலும் உருண்டு போயிருப்பான். அவன் நின்றான். பந்து எங்கே என்று குனிந்து தன் கைகளைப் பார்த்தான். ஒரு கால் நிலத்தில் ஊன்றியபடி இருந்தது. அந்தப் பெடியன் முழு வேகத்தில் வந்து அந்தக் காலில் விழுந்தான். நான் அதைப் பார்க்கவில்லை. பந்து போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் எறிந்த மிக அழகான பந்து அதுதான்.

வென்றோம். அந்த ஒரு எறிக்கு ஆறு புள்ளி கிடைத்தது. என்னைத் தூக்கினார்கள். ஓட்டமும் எறிதலும் அன்று சரிபாதியாக வந்திருக்கிறது, கடைசியில் கற்றுக்கொண்டாய் என்று பயிற்சியாளர் என் கவசத்தில் முத்தமிட்டார். அவருடைய தோளுக்கு மேலால்தான் தூக்குப் படுக்கை மைதானத்துக்குள் வருவதைக் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் மச்சான் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "கொண்டு போ எண்டுதானே சொன்னனீ?" நான் கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "கடைசி நேரத்தில மாத்திச் சொன்னனான் மச்சான். அந்தச் சத்தத்தில உனக்குக் கேக்கேல்லை." அவன் கொஞ்சம் யோசித்தான். "ஓம், சத்தமாத்தான் கிடந்தது" என்றான். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி என் கையைத் தட்டினான். மாமி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அந்தப் பெடியன் வந்தான், ஒரு பை திராட்சையோடு. பத்தொன்பது வயதுக்கு மேல் இராது. கட்டிலடியில் நின்று அழுதான். "அண்ணை, உங்களிட்டப் பந்து இருக்கெண்டுதான் வந்தனான். சத்தியமா. அவர் கொண்டு போ எண்டு சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது. உங்களைப் பாத்துச் சொல்லேல்லை. என்னைப் பாத்துத்தான் சொன்னவர்." நான் அப்போது யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கவசம் இல்லாததால் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மச்சான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். பந்தைத் தேடிக் குனிந்தபோதும் அப்படித்தான் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். "அக் சோ" என்றான், ஓ அப்படியா என்று, டொச்சில். பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னான். அதையும் டொச்சில்தான் சொன்னான்.

முழங்காலை இரண்டு தரம் வெட்டித் தைத்தார்கள். நடக்கிறான், கார் ஓட்டுகிறான். ஏணியில் ஏற ஏலாது. அதே கம்பனியில் அலுவலகத்துக்குள் இருந்து, மற்றவர்கள் போடப்போகும் கூரைகளுக்கு ஓடு கணக்குப் பார்க்கிறான். காரில் போகும்போது வெளியே கை காட்டுவதில்லை. நான் அந்தப் பருவத்தோடு விளையாட்டை விட்டேன். தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேல் பிரிவில் என்னை விட நன்றாக எறிகிறவனைக் கொண்டு வந்தார்கள்.

போன மாதம் மாமியின் அறுபதாவது பிறந்தநாள். மண்டபத்தில் மச்சான் சாப்பாட்டு மேசையருகே நின்று பரிமாறினான். கிழவர்களோடு அரசியல், பெண்களோடு பகிடி, சின்னதுகளோடு சண்டை, எல்லாம் தமிழில். என் மகளைத் தூக்கிப் பக்கத்துக் கதிரையில் வைத்து, "குஞ்சுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். நான் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி, "மச்சான், முழங்கால் இப்ப எப்பிடி?" என்றேன். நன்றி, பரவாயில்லை என்றான் டொச்சில், பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான்.

மகளுக்கு ஏழு வயது. எதையும் விடமாட்டாள். "அப்பா, மாமா ஏன் உங்களோட மட்டும் டொச்சில கதைக்கிறார்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். "மாமாவுக்கு அப்பிடிப் பழகிப்போச்சு" என்றேன். அவன் அகப்பையை வைத்துவிட்டு, அவளுடைய உயரத்துக்குக் குனியப் பார்த்தான். கால் மடங்கவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா தமிழில சொன்னா நான் நம்பிப்போடுவன், குஞ்சு. அதுதான்" என்றான் அவளிடம்.

பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் சோறு வேண்டுமா என்று டொச்சில் கேட்டான்.