தரைக்கு ஒரு முழத்தில் குழாய்

நெல்லையப்பனைப் போல வீம்பு பிடித்த மனுஷன் தாராவியில் இன்னொருவர் இல்லை. முனிசிபாலிடியில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலையில் சேர்ந்தவர், தலை நரைத்து இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அவர் குடியிருந்த சால் என்கிற வரிசை அறைக் குடியிருப்பில் மட்டும் குழாய் கிடையாது. அவர் மனைவி இசக்கி தெருமுனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தே முழங்கால் தேய்ந்து, யுத்தம் முடிந்த வருஷம் எழுந்து நிற்க முடியாமல் போய்விட்டாள். உட்கார்ந்தபடியே நகர்ந்துதான் அடுப்படிக்குப் போவாள். பிள்ளை குட்டி இல்லை. அதனால் குடம் நெல்லையப்பன் இடுப்புக்கு வந்தது. ஆண்பிள்ளை தண்ணீர் தூக்குகிறானே என்று சிரித்தவர்கள் அவர் வாயில் விழுந்து எழுந்தார்கள்.

அப்போதுதான், வேலையை விட்ட வயசாளிகளுக்கென்று தரையோடு தரையாக ஒரு வரிசை வீடு கட்டப்போவதாக முனிசிபாலிடியில் முடிவு செய்தார்கள். மாதுங்காவிலிருந்து ஓவர்சியர் சங்கரன் வந்தார். வீட்டு வரைபடம் போடுவதற்கு முன்னால், குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டுவிடுவோம் என்று நினைத்த நல்ல பிள்ளை. வெறும் பொட்டலில் சுண்ணாம்புப் பொடியால் அறை அறையாகக் கோடு போட்டுக் காட்டினார். நெல்லையப்பன் இசக்கியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், மூலை அறைக்குள் இறக்கிவிட்டார்.

"பாட்டி, எது எங்க வேணும்னு இப்பவே சொல்லிடுங்கோ. கட்டினப்பறம் மாத்தறது கஷ்டம்" என்றார் சங்கரன்.

பிறந்தது முதல் இசக்கியிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தாள். பிறகு கோட்டுக்குள்ளேயே மெல்ல நகர்ந்து பார்த்தாள்.

"வாசப்படி வேண்டாம் சாமி, என்னால தாண்ட முடியாது. கொழாய மட்டும் இந்த ஒசரத்துல வச்சிருங்க." தரையிலிருந்து ஒரு முழம் இருக்கும், கையை வைத்துக் காட்டினாள்.

"குடம் வெக்க முடியாதே, பாட்டி."

"செம்பு வைக்கலாம்லா. இவுகளுக்கு நான் ஒரு செம்பு தண்ணி பிடிச்சுக் குடுக்கணும். எத்தன காலத்துக்கு இவுகளே எனக்குச் சொமப்பாக?"

நெல்லையப்பன் சட்டென்று திரும்பி, வண்டிச் சக்கரம் சரியில்லை என்று யாரையோ திட்டத் தொடங்கினார். கண் கலங்கினால் அவருக்கு யாரையாவது திட்டியாக வேண்டும்.

சங்கரன் அவள் சொல்லைத் தட்டவில்லை. மறு வருஷம் வீடு எழும்பியது. ஆனால் சாவி கைக்கு வந்தபோது ஆடி பிறந்திருந்தது. பம்பாய் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பழைய சாலின் தகரக் கூரை ஒழுகாத இடமில்லை. இசக்கிக்கு இருமல்.

"இங்கேருங்க, சாவிதான் வந்துட்டுல்லா? போயிருவோமே. பாய் விரிக்க எடமில்ல."

"ஏட்டி, ஆடியிலயா வீடு மாறுவாக? கிறுக்கா ஒனக்கு? ஆவணி பொறக்கட்டும். நல்ல நாள் பாத்து, பால் காய்ச்சி, மவராணி கணக்கா கூட்டிட்டுப் போறேன்."

சங்கரனும் வந்து சொல்லிப் பார்த்தார். "பாட்டியை முதல்ல கொண்டு போயிடுங்கோ. நாள் அப்பறம் பாத்துக்கலாம்."

"நீங்களே இப்பிடிச் சொல்லலாமா, சாமி?"

சங்கரன் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். ஆடியில் வீடு மாற அவர் அம்மாவும் சம்மதிக்க மாட்டாள்.

நெல்லையப்பனுக்குப் பிரியம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆயுசிலேயே முதல் தடவையாக வாய்த்த நல்ல வீடு. நாள் பார்க்காமல் நுழைந்து, அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவரைக் கட்டிப்போட்டது. நனையாத மூலையாகப் பார்த்துப் பார்த்து அவள் பாயை இழுத்துப் போட்டார். அந்த மூலையும் நனைந்தது.

இருமல் நெஞ்சில் இறங்கியது. "ஆவணி பொறந்துட்டா?" என்று முனகுவாள். "இந்தா, வந்துட்டு" என்பார் அவர். ஆடி முடிவதற்குள் இசக்கி போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, நெல்லையப்பன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த அறைப் பஞ்சு பதறி ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, செவ்வாக்கெழம, ராவு காலம் வேற. துஷ்டி வீட்டுக்காரக, நாள் பாக்காமயா போறிய?"

"இனி யாருக்கு நாள் பாக்க?"

பால் காய்ச்சவில்லை. விளக்குகூட ஏற்றவில்லை. வாசற்படி இல்லாத அந்த வீட்டுக்குள் தடுக்காமல் நுழைந்து பாயைப் போட்டார்.

மழை விட்டபின் சங்கரன் வீடுகளைப் பார்க்க வந்தார். வளையாத இடுப்பை வளைத்து, முக்கி முனகி, அந்தத் தாழ்ந்த குழாய்க்கு முன்னால் நெல்லையப்பன் உட்காருவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"இது உங்களுக்குக் கஷ்டம். நாளைக்கே ஆள் விட்டுக் குழாயை உசத்திடச் சொல்றேன்."

"வேண்டாம் சாமி. அது அவ ஒசரம். இருந்துட்டுப் போட்டும்."

சங்கரன் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். நெல்லையப்பன் செம்பு நிறையத் தண்ணீர் பிடித்தார். எழுந்திருக்க முடியவில்லை. தரையிலேயே இருந்து குடித்தார்.