கொலுப்படியில் ஒரு பூனை

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்களுக்கு மேல்வீட்டு அங்கிள் ஒட்டடைக்குச்சி போல இருப்பார். விரல்களில் எப்போதும் இரண்டு மூன்று பிளாஸ்திரி. முன்பு குடியிருந்தவர்கள் ஆபரேஷன் செய்து நகங்களை எடுத்துவிட்டு, காலி செய்தபோது விட்டுப்போன பூனையை அவர்தான் வளர்த்தார். அது ஓடிவிடாமலிருக்க, கதவைத் திறக்கும்போதெல்லாம் வலது காலைக் குறுக்கே நீட்டிக்கொள்வார். தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஊரிலிருந்து வந்த என் மாமியாருக்கும் சலுகை இல்லை.

"வெளிய நாய் துரத்தினா மரம் ஏறக்கூட முடியாது அதுக்கு" என்பார்.

தொண்ணூற்றெட்டில் நவராத்திரிக்குப் போனேன். பொம்மைகளெல்லாம் தரையில், ஜமுக்காளத்தின்மேல் இருந்தன. கொலுப்படி ஜன்னலோரம் நின்றது. ஒவ்வொரு படியிலும் மெத்தென்று பழைய டவல், மேல்படியில் பூனை.

"என்ன அங்கிள், சாமியெல்லாம் கீழ?"

"சாமி ஏறி இறங்க வேண்டாம்மா. இது ஜம்ப் பண்ணா கால் வலிக்கும்."

தடவப் போனார். வெடுக்கென்று கடித்தது.

"நகத்தையும் எடுத்தாச்சு, வேற என்னதான் பண்ணும்?" என்றபடி பிளாஸ்திரி தேடினார்.

சுண்டலோடு கிளம்பினேன். வழக்கம்போல வாசலில் அவர் கால் நீண்டது. எத்தனையோ முறை தாண்டிய கால்தான். அன்று அதைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.